விசில்காரியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உறவுக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் பல்லை அடுக்கி, பிறகு அக்ரிலிக்கில் செட்டாகக் கட்டிக் கொடுப்பார். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் பட்டறை. கீழே பல் டாக்டரம்மாவின் கிளினிக். முடிந்த செட்டுக்கு மெருகு போடுவது என் வேலை. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சிரிப்பதற்கு நாங்கள்தான் காரணம் என்று இவர் பெருமையடித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் எங்கள் வீட்டுப் பங்கு எங்கே போயிற்று என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

போனது ஜாஸ் பாடகிகளிடம். அதிலும் பேர்பெற்ற பாடகி யாராவது ரேடியோவில் பாடினால் இவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். இவருக்கு வேண்டியவள் வேறு. ஒரே ஒரு ரெக்கார்டு வெளிவந்திருக்க வேண்டும், அது விற்காமல் போயிருக்க வேண்டும், கம்பெனியையும் இழுத்து மூடியிருக்க வேண்டும், பாடினவளை அவள் பெற்ற பிள்ளைகளே மறந்திருக்க வேண்டும். அப்போதுதான் இவருக்குக் கண் கலங்கும். அப்படித் தேடிப் பிடித்த பாடகியை நாலு பேர் ரசிக்கத் தொடங்கிவிட்டாலோ, கலங்கின கண் பட்டென்று காய்ந்துவிடும்.

“இப்ப எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க” என்பார், யாரோ செருப்புக்காலோடு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

கட்டின மனைவியும் இவருக்கு அரிய பிரதிதானே, பார்க்கவே மாட்டேனென்கிறாரே என்று ஆரம்ப காலத்தில் அழுதிருக்கிறேன். பிறகு புரிந்தது. எனக்கு இருக்கிற குறை ஒன்றுதான், நான் தொலைந்து போகவில்லை.

இவர் ஒருவர் இப்படி என்றால் பரவாயில்லை. ஒரு கூட்டமே இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கணக்காளர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். கணக்காளர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பூகோள வாத்தியார், லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி, பிறகு இவர். தங்களை ‘வட்டம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் ஒரு பாடகியின் பெயரைச் சொல்லி, மற்றவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருந்தால், சொன்னவருக்கு அன்று முழுக்கப் பசிக்காது.

அந்த வட்டத்தில் எல்லாப் பாடகிகளுக்கும் மேலே உட்கார்ந்திருந்தவள் விசில்காரி. அவளுக்குப் பெயர் இல்லை. ஒரு ஹோட்டல் பாண்டின் பெயர் மட்டும் அச்சடித்த சின்ன ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆங்கிலப் பாட்டு. குரல் தாழ்வாக, சாவகாசமாக வரும். ஆனால் ‘ஸ்’ என்று எங்கே வந்தாலும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு மெல்லிசாக ஒரு சீழ்க்கை கிளம்பும், கொதிக்கத் தொடங்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வருவது போல. உலகத்திலேயே அந்த ரெக்கார்டு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்பது வட்டத்தின் முடிவு. அந்த ஒன்று எங்கள் வீட்டில், என் பட்டுப்புடவை இருக்க வேண்டிய அலமாரித் தட்டில், துணி சுற்றி இருந்தது.

விசில்காரியைப் பற்றி இவர் வட்டத்தின் ஆண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சீழ்க்கை தற்செயல் இல்லையாம். தொண்டையில் தேங்கிய அழுகை உதட்டைத் தாண்டும் ஒலியாம். சாக்ஸபோனின் மூச்சைத் தன் குரலுக்குள் வரவழைத்த ஒரே பாடகி அவள்தானாம். எனக்கு வாசித்துக் காட்டினார். நான் ஒரு மேல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன், மோட்டார் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது.

இத்தனைக்கும் இவருடைய தொழில் என்ன? மெழுகில் அடுக்கிய பல்லைக் கீழே கொண்டுபோய், டாக்டரம்மா அதை நோயாளியின் வாயில் வைத்ததும், “எங்க, பஸ், ஐஸ், சோப்புன்னு சொல்லுங்க பாப்போம்” என்று சொல்லச் சொல்வது. விசில் வந்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கிறது என்று அர்த்தம். மேலே கொண்டுவந்து சந்தை அடைப்பார். விடிந்து எழுந்தால் ஊரார் வாயிலிருந்து வரும் விசிலை அடைத்துச் சம்பாதிக்கிற மனுஷன், இந்த ஒரு விசிலுக்கு மட்டும் கண்ணீர் விட்டுக் கட்டுரை எழுதினார். எனக்கும் அது உறைக்காததற்குக் காரணம், நான் அந்தப் பாட்டை ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. முழுசாகக் கேட்க விட்டால்தானே? “உஸ்ஸு! மூச்சு விடாதே” என்று அதட்டுவார்.

விசில்காரி கிடைத்தது ஒரு கிழவரின் உடைந்த செட்டு மூலமாக. டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், காத்திருக்கிற நேரத்தில் நாற்காலிக் கையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அது விசில்காரி பாட்டின் தாளம்! கேட்டதும் இவர் அங்கேயே நின்றுவிட்டார். பேச்சுக் கொடுத்தால், கிழவர் அந்த ஹோட்டல் பாண்டிலேயே டிரம்ஸ் வாசித்தவர்!

“அந்த ரெக்கார்டா? அதுல பாடினது எங்க ஹோட்டல் டெலிபோன் ஆப்பரேட்டர் பொண்ணுங்க. வழக்கமாப் பாடறவளுக்கு அன்னிக்குக் காய்ச்சல். இந்தப் பொண்ணு போர்டுல உக்காந்து தனியாப் பாடிட்டிருக்கும், அதான் பிடிச்சு நிறுத்திட்டோம்” என்றார் பல்லில்லாத வாயோடு. அவள் இருக்கும் இடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துப் பேட்டையில், ஒரு சலவைக் கடைக்கு மேலே.

இவர் மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு இதுதான் என்று நினைக்கிறேன். “உயிரோட இருக்காங்க” என்றார். வட்டத்துக்குத் தெரிந்தால் இவர்தான் ராஜா.

வட்டத்திடம் மூச்சு விடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் நாங்கள் இருவர் மட்டும் போனோம். இவர் அந்த ரெக்கார்டை ஒரு பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார், அந்த அம்மா அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார் என்ற நினைப்பில்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எண்பது இருக்கும். நிமிர்ந்த முதுகு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. உள்ளே ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். கீழே சலவை இயந்திரம் ஓடுகிற அதிர்வில் அலமாரியிலிருந்த தம்ளர்கள் லேசாகக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாவின் கீழ்ப்பல் செட்டு வாயில் இல்லை, ஜன்னலோரக் கிண்ணத்தில் இருந்தது. மேல்செட்டு பேசும்போதெல்லாம் கழன்று விழப் பார்த்தது. நாக்கால் அதை ஏந்திக்கொண்டே பேசினார்.

இவர் ரெக்கார்டு என்று தொடங்கியதுதான் தாமதம்.

“அந்தச் சனியனா? அது இன்னும் யார்கிட்டயாவது இருக்கா?”

“அம்மா, அது எப்பேர்ப்பட்ட... அந்த விசில்...”

“பல்லு தம்பி, பல்லு! அந்த வாரந்தான் ஹோட்டல் படியில வழுக்கி விழுந்தேன். முன்பல்லு பாதி உடைஞ்சு போச்சு. கட்டிக்க நேரம் ஏது? இழுத்துட்டுப் போய் மைக்கு முன்னாடி நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் நல்லாப் பாடுவேன். நானே சொல்லக் கூடாது, ஆனா சொல்லுவேன். ரெக்கார்டு வந்துது. கேட்டேன். குக்கர் மாதிரி விசில் அடிக்குது. ஹோட்டல்ல எனக்குக் குக்கர்னே பேர் வெச்சுட்டாங்க. லைன் குடுன்னு போன்ல கேக்கறவன்கூட விசில் அடிச்சுட்டுத்தான் கேப்பான்.”

“பல்லைக் கட்டிக்கிட்டு மறுபடி பாடியிருக்கலாமேம்மா” என்றேன் நான்.

“கட்டிக்கிட்டேன். அதுக்குள்ள பாண்டு கலைஞ்சு போச்சு. பேரு கலையல. நான் வாயைத் திறந்தாலே சிரிச்சாங்க. மூடிட்டேன். கடை கடையா ஏறி அந்த ரெக்கார்டு கிடைச்ச இடத்துலெல்லாம் வாங்கிட்டு வந்து, இதோ, இந்தத் தரையிலதான் போட்டு மிதிச்சேன்.”

இவர் அந்தத் தரையைப் பார்த்தார். இவர்கள் வட்டம் ‘அபூர்வம், அபூர்வம்’ என்று உருகினதெல்லாம் இந்த அம்மாவின் காலடியில் பிறந்த அபூர்வம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பீறிட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

“அது என்ன தம்பி மடியில?”

“குடைம்மா” என்றார் இவர். வட்டமான குடை!

அந்த அம்மா அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டை விசில் இல்லாமப் பாடணும் கண்ணு. அது எங்கேயாவது பதிவாகியிருக்கணும். நான் போனதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது அந்தக் குக்கர் சத்தம் மட்டுந்தான்னு நினைச்சா வயிறு எரியுது. இந்தச் செட்டை வெச்சுக்கிட்டு என்னத்தப் பாடறது? தண்ணி குடிச்சாலே கழண்டு விழுது.”

பல் நாங்கள் செய்து தருகிறோம் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். பாட்டைப் பதிவு செய்ய வட்டத்தில் மெஷின் இருக்கிறது என்று இவர் சொன்னார். அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “நிஜமாவா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா அளவெடுத்துக் கொடுத்தார். இவர் மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதில் உட்கார்ந்தார். பட்டறைக்கே பிளேயரைக் கொண்டுவந்து, அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே பல் அடுக்கினார். கேட்பார், மெழுகுக் கத்தியை விளக்கில் சூடு காட்டுவார், ஒரு பல்லைத் தொடுவார், மறுபடி கேட்பார். எவ்வளவு அக்கறை பார் என்று நான் உருகிப்போய் டீ எல்லாம் போட்டுக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

மெழுகுச் செட்டை வாயில் வைத்துப் பார்க்கிற நாள். டாக்டரம்மா வைத்துவிட்டு, வழக்கம்போல் பஸ், ஐஸ், சோப்பு சொல்லச் சொன்னார். அந்த அம்மா சொன்னார். பஸ்ஸுக்கு ஒரு சீழ்க்கை, ஐஸுக்கு ஒரு சீழ்க்கை.

டாக்டரம்மா நிமிர்ந்து இவரைப் பார்த்தார். “சரியா இருக்கற மாதிரிதான் தெரியுது. பாடினாத்தான் தெரியும்” என்றார் இவர்.

அந்த அம்மா ஒரு வரி பாடினார். ரெக்கார்டில் இருக்கும் அதே வரி, அதே தாழ்ந்த குரல், அதே கெண்டி மூக்குச் சத்தம். இவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பாட்டு நின்றதுகூடத் தெரியாமல் அப்படியே நின்றார்.

அந்த அம்மா வாயிலிருந்து மெழுகுச் செட்டை எடுத்தார். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, இவர் கையை விரித்து, உள்ளங்கையில் அதை வைத்தார்.

“வேணும்னே பண்ணியிருக்க.”

வெறும் ஈறோடு சொன்னதில் வார்த்தை கொழகொழத்தது. ஆனால் எங்கள் யாருக்கும் புரியாமல் போகவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் போட்ட சண்டை கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும். “மனுஷனாங்க நீங்க? அறுபது வருஷமா அந்தம்மாவை ஒரு சத்தம் துரத்துது, நீங்க அதையே பிடிச்சு மறுபடி வாயில சொருகறீங்க!”

“அந்தச் சத்தம் இல்லேன்னா அவங்க யாரோதானே...” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

“யாரோதான்! உங்களுக்கு யாரோ. அவங்களுக்கு அவங்க இல்லையா? இப்ப அந்தச் சந்தை அடைக்கறீங்களா, இல்ல நானே கத்தியை எடுக்கட்டுமா? நான் அடுக்கினா எப்படி இருக்கும்னு தெரியுமில்ல?”

தெரியும் போலிருக்கிறது. விளக்கைப் பற்றவைத்தார்.

பிளேயர் ஓடவில்லை. சந்து மூடியது. அந்த அம்மாவை மறுபடி கூட்டிவருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று. “அந்தாளு உள்ள வரக் கூடாது” என்ற நிபந்தனையோடுதான் வந்தார். இவர் கிளினிக் வாசலில் நின்றார். உள்ளே பஸ் சுத்தமாக வந்தது. ஐஸ் சுத்தமாக வந்தது. சோப்பைச் சொல்லிவிட்டு, நாங்கள் சொல்லித்தராத வார்த்தைகளையெல்லாம் தானாகவே சொல்லிப் பார்த்தார். சைக்கிள், சினிமா, ஆபீஸ், சர்க்கஸ். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வருதா? விசில் வருதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “வரலம்மா, சத்தியமா வரல” என்றேன்.

பதிவு செய்ய வட்டத்துக்கு அழைத்துப் போனோம். வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இது இன்னார் குரல் என்று யார் சொன்னாலும் உடனே ஏற்க மாட்டார்கள். அறையின் மூலையில் ஒரு மடக்குத் திரையை நிறுத்தி, அதற்குப் பின்னால் ரெக்கார்டைச் சுழலவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, கடைசியில் கை தூக்கி முடிவு செய்வார்கள். முகம் பார்த்தால் காது கெட்டுவிடும் என்பது கணக்காளரின் கொள்கை. ஆகவே எல்லோரும் வருவதற்கு முன்பே அந்த அம்மாவைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்தாயிற்று. விசில்காரி கிடைத்துவிட்டாள் என்று இவர் அறிவித்ததும் மருந்துக்கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது, தனக்குக் கிடைக்கவில்லையே என்று.

முதலில், குடை என்று இவர் மறைத்த அந்த ரெக்கார்டு ஓடியது; அந்த அம்மா எழுந்து அதை மிதிக்காமல் இருந்ததே பெரிது. பிறகு பூகோள வாத்தியார் பியானோவில் மெட்டைத் தொட, அந்த அம்மா பாடினார். பதிவு மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றுதான் அந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டேன். குரலில் வயது இருந்தது, மூச்சு ஓரிரண்டு இடத்தில் திணறியது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்த மாதிரி வந்து விழுந்தது. இரண்டு பாட்டையும் தயங்காமல் பாடி முடித்தார். திரைக்குப் பின்னால் அவர் நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கணக்காளர் கண்ணைத் திறந்தார். “ரெண்டும் ஒரே குரல்னு நினைக்கறவங்க கை தூக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை. லிஃப்ட் தம்பியின் கை அரைகுறையாகக் கிளம்பியது, அண்ணன் பார்த்த பார்வையில் காதைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது.

“அந்தம்மா நல்லாத்தான் பாடறாங்க. அதுல குறை சொல்ல முடியாது. ஆனா நல்லாப் பாடறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. விசில்காரியோட உயிரே அந்த மூச்சுதானே? அது வயசானாப் போற விஷயமில்ல, பிறவியிலயே வரணும். நீங்களே எழுதியிருக்கீங்களே சார், தொண்டையில தேங்கின அழுகைன்னு” என்று கணக்காளர் மலரை எடுத்து அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டினார்.

இவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்து வேர்த்திருந்தது. “இல்ல சார், அந்த விசில் வந்து...”

அப்போது திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தார். நேராக இவரைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

“அவங்க சொல்றது சரிதான். அந்த ரெக்கார்டுல இருக்கறது நான் இல்ல. அது யாரோ வேற பொண்ணு.”

இவர் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு வார்த்தை போதும். உடைந்த பல் என்று சொன்னால் போதும், டிரம்ஸ் கிழவரைக் கூப்பிட்டால் போதும். இருபது வருஷம் தேடியது இவர். கண்டுபிடித்ததும் இவர். அந்தப் பெருமைக்காக என்னைக்கூடப் பார்க்காமல் இருந்த மனுஷன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

இவர் வாயை மூடினார். உட்கார்ந்தார்.

“ஆமா சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார்.

கணக்காளர் பதிவு மெஷினிலிருந்து எடுத்த டேப்பின் மேல் அந்த அம்மாவிடமே கேட்டு அவர் முழுப்பெயரை எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். விசில்காரியின் ரெக்கார்டு உறையில் ‘பாடியவர் இன்னும் தெரியவில்லை’ என்று புதிதாக ஒரு சீட்டு ஒட்டினார். அவளைத் தேடும் பொறுப்பை இவரே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோருமாகக் கை தூக்கி முடிவு செய்தார்கள். மருந்துக்கடைக்காரர்தான் முதலில் தூக்கினார்.

படியிறங்கும்போது அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பல் வரிசை அசையாமல் நின்றது. “அது நான் இல்ல, நான் இல்லன்னு எத்தனை வருஷமா மனசுக்குள்ளயே சொல்லிட்டிருந்தேன் தெரியுமா கண்ணு? இன்னிக்குப் பெரிய மனுஷங்க கையே தூக்காம முடிவு பண்ணிட்டாங்க!”

பின்னால் இவர் அந்தப் பையை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா நின்றார். மெழுகுச் செட்டைக் கையில் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது திரும்பி நின்று பேசினார்.

“நல்லாத் தேடு தம்பி. அந்தப் பொண்ணு கிடைச்சா, பாவம், முதல்ல ஒரு நல்ல பல்லாக் கட்டிக் குடு.”